வணிகர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டிற்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கத்தின் முன்னாள் தலைவரும் முன்னாள் நகராட்சி உறுப்பினருமான மளிகைக்கடை அண்ணாச்சியை இழந்தோம். இரங்கல் குறிப்பு வழக்கமாக இரண்டு வரிகளில் முடிந்துவிடும். சிறிய கடை ஒன்றை நடத்திக்கொண்டே ஊர்ப் பொறுப்பையும் சுமப்பது எத்தகையது என்பதை இளைய உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்பதால், இம்முறை சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

2011 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர் சுயேச்சையாக நின்று வென்றார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வந்தவரும், கால் கிலோ துவரம்பருப்பு வாங்க வந்தவரும் ஒரே கல்லாவின் முன்தான் நின்றார்கள். பதவியால் அவருடைய கடை வளர்ந்தது என்று எண்ணுவோர் அக்கடையின் பற்று நோட்டைப் பார்த்ததில்லை. பாக்கி வைத்தவரே வாக்காளராகவும் இருக்கும்போது கடனைக் கேட்க நா எழாது. கேட்டுவிட்டால், பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டார் என்ற பேச்சு தெருமுனைக்குப் போய்விடும். மன்றக் கூட்ட நாட்களில் கல்லாவில் அமர்ந்ததும், பாக்கி கேட்டு வந்த மொத்த வியாபாரிகளுக்குப் பதில் சொன்னதும் அவருடைய துணைவியார்தான். நகராட்சிக் கடைகள் ஏலத்திற்கு வந்தபோது, உறுப்பினராக இருக்கும்வரை தம் பெயரிலோ உறவினர் பெயரிலோ ஏலம் கேட்பதில்லை என்று நம் சங்கக் கூட்டத்திலேயே அறிவித்து, கடைசிவரை தனியார் கட்டடத்தில் வாடகைக்கே இருந்தார்.

2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2022 மார்ச் வரை தமிழகத்தின் எந்த நகராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். கேள்வி கேட்கவும் பதில் பெறவும் வார்டுக்கென்று ஒருவர் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் அவருடைய உண்மையான தொண்டு நடந்தது என்பது என் உறுதியான கருத்து. சம்பளமோ கையெழுத்து அதிகாரமோ இன்றி, தெருவிளக்கு, சாக்கடை, முதியோர் உதவித்தொகை என்று மனு எழுதிக் கொடுத்து, அதன் நகலைக் கடையிலேயே கோப்பாக வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தார். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருமுன்பே தம் இருப்பைத் தீர்த்துவிட்டு, கடைத்தெரு முழுவதும் நடந்து மற்றவர்களையும் தயார்ப்படுத்தினார்.

அவரோடு எல்லோரும் ஒத்துப்போனதாகச் சொல்ல மாட்டேன். நடைபாதை வியாபாரிகளை அகற்ற வேண்டும் என்று நம்மில் பலர் கோரியபோது, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தைக் காட்டி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் எழுப்பக் கூடாது என்றும், தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத இடம் உண்டு என்றும் வாதாடினார். அந்த மனக்கசப்பு சிலருக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அவர் சொன்னது சட்டப்படியும் நியாயப்படியும் சரி என்றே நான் கருதுகிறேன்.

2022 பிப்ரவரி 19 தேர்தலில் அவருடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. துணைவியாரை நிறுத்தச் சொல்லிப் பலர் வற்புறுத்தினர். அந்த அம்மையார் மறுத்துவிட்டார். தம் பெயரில் கணவர் நிர்வாகம் செய்வது அந்த ஒதுக்கீட்டிற்கே செய்யும் துரோகம் என்று அவர் சொன்னதை அண்ணாச்சி பெருமையோடு எங்களிடம் கூறினார்.

இவ்வாண்டின் பெரிய சிக்கல் கடை வாடகை மீதான ஜி.எஸ்.டி. பதிவு பெறாத கட்டட உரிமையாளரிடம் வாடகைக்கு இருக்கும் பதிவு பெற்ற வணிகரே 18 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. மொத்த விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறுகடைக்காரர், அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்பப் பெற முடியாது என்பதால் முழுச் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது. உடல் நலிந்திருந்த நிலையிலும், நாம் அனுப்பிய கோரிக்கை மனுவின் வாசகத்தை அண்ணாச்சியே திருத்திக் கொடுத்தார். நாடெங்கும் வணிகர்கள் எழுப்பிய எதிர்ப்பிற்குப் பின், 2025 ஜனவரி 16 முதல் இணக்க வரி வணிகர்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. பதிவு பெற்ற ஏனைய உறுப்பினர்கள் இந்த வரியைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

மே 5 வணிகர் தினம் வழக்கம்போல் கடையடைப்போடு அனுசரிக்கப்பட்டது. தினசரிச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்ற நம் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அண்ணாச்சி விட்டுச்சென்ற கோப்பில் அது தொடர்பான மனுக்கள் அனைத்தும் உள்ளன. அக்கோப்பைச் சங்கம் பொறுப்பேற்று, இரண்டு உறுப்பினர்களை இதற்கென்றே நியமித்து, ஒவ்வொரு மன்றக் கூட்டத்திற்கு முன்பும் வார்டு உறுப்பினரைச் சந்திக்கச் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்