செயலாளர் ஆண்டறிக்கை: சுறாக் கொப்பியும் அறுத்த மடியும்

தலைவர் அவர்களுக்கும், சம்மாட்டிமாருக்கும், கருவாட்டு வாடியில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும், அங்கத்தவர் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வாடைக்காற்று அடித்த நாட்களில் மட்டும் தள்ளிப் போட்டோம். சந்தா, கடன் விபரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இந்த முறை நான் நேரம் கேட்பது சுறாவுக்காக.

கரைக்கு வரும் சுறா ஒவ்வொன்றையும் கொப்பியில் பதிவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். என்ன இனம், எவ்வளவு நீளம், ஆணா பெண்ணா, எந்த வலை, எத்தனை பாகம் ஆழமான தண்ணீர், இவ்வளவுதான். ஆனால் முதல் மாதங்களில் தாள் வெறுமையாகவே கிடந்தது. "எழுதிக் குடுத்தால் பிறகு பிடிக்க விடமாட்டினம்" என்று பலர் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். முல்லைத்தீவுக் கரையில் யாராவது வந்து எதையாவது எழுதிக்கொண்டு போனால் நமக்கு ஒன்று குறையும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம்.

கொப்பியை நிரப்பியது கருவாடு போடும் அக்காமார். மீனின் வயிற்றைக் கீறுகிறவர்கள் அவர்கள். எந்தச் சுறாவில் குட்டி இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். படகில் போகிற எங்களுக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

குட்டிக் கணக்குத்தான் முக்கியம். சூடை, சாளை போல சுறா ஆயிரக்கணக்கில் முட்டை விடாது. உடம்பளவு நீண்ட வாலுள்ள சுறா பல வருடம் வளர்ந்த பிறகுதான் குட்டி போடும், அதுவும் வழக்கமாக இரண்டே இரண்டு. பால்சுறா வேறு. சின்ன இனம், வேகமாக முதிரும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வறை கொடுக்காதீர்கள் என்று இந்தச் சங்கம் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் 1970 தொடக்கம் 2018 வரை உலகின் திறந்த பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கைகள் 71 வீதம் குறைந்துவிட்டன என்று 2021 இல் வந்த ஆய்வு சொல்கிறது. காரணம், அளவுக்கு மிஞ்சிய மீன்பிடி. சுறாவலை போட்ட பெரியவர்கள் கரையில் இருந்து சொல்லும் கதையும் இதுதான்.

சட்டத்தையும் ஒருக்கால் நினைவுபடுத்துகிறேன். நீண்ட வால் சுறா மூன்று இனமும், பெருங்கடல் வெண்முனைச் சுறாவும், திமிங்கிலச் சுறாவும் இலங்கையில் பிடிக்கத் தடை. பிடிக்கக் கூடிய சுறாவாக இருந்தாலும் செட்டையை வெட்டிவிட்டு உடலைக் கடலில் எறியக் கூடாது.

சோளகம் தொடங்க முன்னர் நம் அங்கத்தவர் ஒருவரின் கரைவலையில் திமிங்கிலச் சுறா ஒன்று வந்து மாட்டியது. எல்லோரும் பார்த்தீர்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை எடுத்து, வலையில் மீன் சேரும் பையான மடியை அறுத்தார். சுறா போனது, அன்றைய மீனும் போனது. நட்டஈடு கேட்கப் போன இடத்தில் இதற்குப் படிவமே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வலையைப் பொத்த நூலும் ஆட்களும் சங்கம் கொடுத்தது, அது போதாது.

கரையில் நின்ற மாணவி ஒருத்தி போனில் அதைப் படம் எடுத்தாள். இனிமேல் இடப்பக்கம், செவுளுக்குப் பின்னால், புள்ளிகள் தெளிவாகத் தெரிய எடுங்கள். அந்தப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. வானியலாளர் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடும் கணக்கு முறையை 2005 இல் இதற்குப் பொருத்தினார்கள். ஒரு படம் இருந்தால் அதே சுறாவை வேறு நாட்டுக் கடலிலும் கண்டுபிடிக்கலாம்.

ஒரு பிழையும் நடந்தது. முதுகில் இலக்கம் எழுதிய மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டோடு வந்த சுறா ஒன்று, யாரும் இலக்கத்தைப் பார்க்க முன்னமே ஏலத்தில் போய்விட்டது. அது ஆராய்ச்சியாளர் குத்திவிடும் அடையாளம். அமெரிக்காவில் 1962 முதல் மீனவர்களே இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். 2003 நவம்பரில் தென்னாபிரிக்காவில் செய்மதிக் கருவி பூட்டிய வெள்ளைச் சுறா ஒன்று, நம்முடைய இதே இந்து சமுத்திரத்தைக் கடந்து 99 நாளில் அவுஸ்திரேலியாவை அடைந்தது. அடுத்த ஓகஸ்டில் திரும்பவும் தென்னாபிரிக்காவில் நின்றது. அப்படி ஒரு பயணத்தின் முடிவு நம் ஏலத் தராசில் கிடந்திருக்கலாம். இனி துண்டைக் கண்டால் இலக்கம், திகதி, இடம், நீளம் எழுதி என்னிடம் தாருங்கள். கடற்றொழில் பரிசோதகர் ஊடாக, அரசாங்கத்தின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுக்கு அனுப்புவேன்.

இரண்டாவது கொப்பியை வாடியிலேயே, அக்காமாரின் பொறுப்பில் வைக்கக் கேட்கிறேன். சுறாவுக்காக வலை அறுப்பவருக்குச் சங்க நிதியில் இருந்து ஈடு கொடுக்கும் பிரேரணையும் உங்கள் முன் இருக்கிறது. இன்றே கை உயர்த்தி முடிவெடுப்போம்.

செயலாளர்