டி5 சிப்பாய் பற்றி மீண்டும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று இரவே பலகையை எடுத்து வைத்து, 2017இல் ஆல்பாசீரோ என்ற சதுரங்க நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற மற்றொரு நிரலை வென்ற, ராணி இந்தியத் தற்காப்பு என்ற தொடக்கத்தில் அமைந்த அந்த ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். ஏழாவது நகர்த்தலில், வெள்ளையாக ஆடிய ஆல்பாசீரோ டி5 கட்டத்துக்குத் தள்ளிச் சிப்பாயைப் பலி கொடுத்தது செல்லாது என்றும், உங்கள் கணினியில் உள்ள இன்றைய ஸ்டாக்ஃபிஷ் அந்த நிலையைச் சமம் என்றே காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சிப்பாய் குறைவாக நிற்கும் வெள்ளையை இயந்திரம் சமம் என்று சொன்னால், கொடுத்ததற்கு உரிய விலை வந்துவிட்டது என்றுதானே பொருள்? முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு உள்ள சிறு அனுகூலம் கரைந்துவிட்டது என்று நீங்கள் வாதிட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் பலி செல்லாது என்பதற்கு அது சான்றாகாது.

இ6இல் இருந்த கறுப்புச் சிப்பாய் டி5க்கு இழுக்கப்பட்டதும் எஃப்5 கட்டம் காவலை இழக்கிறது; எஃப்3 குதிரை எச்4க்குப் போய் அங்கே தாவக் காத்திருக்கிறது, அது விலகியதால் ஜி2 மந்திரியின் பாதையும் திறக்கிறது. 1980இல் மால்டா சதுரங்க ஒலிம்பியாடில், பின்னாளில் உலக சாம்பியனான காஸ்பரோவ் தன் 17 வயதில் மரியானோவிச்சுக்கு எதிராக ஆடியதும் இதுவேதான். பத்தாவது நகர்த்தலின் முடிவில் இரண்டு ஆட்டங்களும் ஒரே நிலையில் நிற்கின்றன. காஸ்பரோவ் 23 நகர்த்தல்களில் முடித்துவிட்டார். மனிதர் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூடப் படிக்காமல் தன்னோடு தானே ஆடிப் பழகிய இயந்திரம், 37 ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினான்காவது நகர்த்தலில் ஆல்பாசீரோ, சி3இல் தன் குதிரையை வெட்டிய கறுப்புக் குதிரையைத் திருப்பி வெட்டாமல், ராணியை ஜி4க்குக் கொண்டுவந்து ஜி7இல் மேட் என்று மிரட்டுகிறதே, அங்கே சற்று நேரம் நின்றுவிட்டேன். பிறகு எச்6இல் சிக்கிய மற்றொரு குதிரையையும் காப்பாற்றாமல் யானையை இ1க்கு நகர்த்துகிறது. கறுப்பு ராஜா அந்தக் குதிரையை வெட்டும்போது அதைப் பலகையிலிருந்து எடுக்க எனக்கே கை கூசியது. 26ஆவது நகர்த்தலில், தாக்குதலின் உச்சத்தில், ராணி எச்4இலிருந்து எச்1 என்ற மூலைக்குப் பின்வாங்குகிறது. நம்மில் ஒருவர் அப்படி ஆடியிருந்தால் மற்றவர் சிரித்திருப்போம்.

போட்டி நியாயமாக நடக்கவில்லை என்ற உங்கள் குறையில் உண்மை உண்டு. நகர்த்தலுக்கு 1 நிமிடம் என்று வரையறுத்து, ஸ்டாக்ஃபிஷுக்கு ஆராய்ந்த நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹேஷ் நினைவகம் 1 ஜிபி மட்டும் கொடுத்தது பெரிய ஓரவஞ்சனைதான். அதனால் அந்த 100 ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் கிடைத்த 28 வெற்றிகளை நான் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் மறு ஆண்டு, ஆட்டத்துக்கு 3 மணி நேரமும் நகர்த்தலுக்கு 15 வினாடியும் கொடுத்து 1000 ஆட்டங்கள் ஆடியதாக வெளியிட்டபோதும் ஆல்பாசீரோ 155இல் வென்று 6இல் மட்டுமே தோற்றது. 2020இல் ஸ்டாக்ஃபிஷே, ஆல்பாசீரோவைப் போல, ஆட்ட நிலைகளிலிருந்து கற்கும் நரம்பு வலையமைப்பைத் தன் மதிப்பீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆகவே நீங்கள் சாட்சிக்கு அழைத்த இன்றைய ஸ்டாக்ஃபிஷ், அன்று தோற்ற ஸ்டாக்ஃபிஷ் அல்ல. தன்னை வென்றவரின் பாடசாலையில் படித்துவிட்டு வந்தது.

இந்த ஓர் ஆட்டம் பலியை நிரூபித்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. கறுப்பு பத்தாவது நகர்த்தலில் குதிரையை சி7க்குக் கொண்டுபோகாமல் எஃப்6க்குத் திருப்பியிருந்தால் வெள்ளையின் வேலை கடினமாகியிருக்கும் என்பது என் எண்ணம். அதை இயந்திரத்திடம் கேட்பதைவிட உங்களிடம் கேட்பதே எனக்குப் பிடிக்கும். ஆகவே கடிதம் வழியாகவே ஆடிப் பார்ப்போம்: டி5, நீங்கள் வெட்டிவிட்டீர்கள், என் குதிரை எச்4இல் நிற்கிறது. கணினியை அணைத்துவிட்டு உங்கள் எட்டாவது நகர்த்தலை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய எதிராளி