முக்கோணத்தை நிமிர்த்தி வைக்காதீர்கள்

அருங்காட்சியகங்களுக்காகப் பழங்காலக் கடலை வரைந்தும் வார்த்தும் தரும் கலைஞர்களுக்கும், அதைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எடியாக்காரன் காலக் கடலடி என்று நீங்கள் காட்டும் காட்சிகளில் ஒரு ஓரத்தில் கூம்பு ஒன்று நிற்கும். எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி, கூர்முனை சேற்றில், அகன்ற வாய் மேலே. பெயர்ப்பலகையில் தெக்டார்டிஸ் என்று, அந்தக் கடலடியில் வாழ்ந்த ஓர் உயிரின் பெயர் எழுதியிருக்கும். ஒரு கண்காட்சியில் அதற்கு இளஞ்சிவப்பு பூசி, வாய் விளிம்பில் மயிரிழைகள்கூட ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்தே இந்த மடலை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

பாறையில் இருப்பது கூம்பு அல்ல, தட்டையான முக்கோணத் தடம். ஓரம் மட்டும் வரப்புபோல் லேசாக மேடேறியிருக்கும். நடுவே ஆழமில்லாத பள்ளம். பள்ளத்துக்குள் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. சிலவற்றில் குறுக்கே மங்கலான கோடுகள் தெரியும், அவ்வளவுதான். வாயில்லை, குடலில்லை, துளையில்லை. நிறத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இந்தத் தடங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், அவலான் தீபகற்பத்துப் பாறைகளில் இருக்கின்றன. 2004இல் பெயர் சூட்டியபோது ஏறக்குறைய 200 தடங்களை ஆராய்ந்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டே பாறைத் தளங்களில் கிடைத்தவை. அந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே 2,000 மீட்டருக்கு மேல் பாறை அடுக்கு கிடக்கிறது. கீழே இருப்பதற்குச் சுமார் 57.5 கோடி வயது, மேலே இருப்பதற்குச் சுமார் 56.5 கோடி. ஒரு கோடி ஆண்டு கழித்தும் அதே முக்கோணம்! என்னைக் கேட்டால், பலகையில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். ஓடு கட்டிய மிகப் பழைய உயிர்களில் ஒன்றான கிளௌடினா வருவதற்கு அப்போது இன்னும் ஒன்றரைக் கோடி ஆண்டாவது பாக்கி.

ஓடும் எலும்பும் இல்லாத உடல் எப்படித் தடம் விட்டது? எரிமலைச் சாம்பல் வந்து மூடியதால். உடல் நசுங்கி அழுகிப் போனது, அதன் வடிவம் மட்டும் சாம்பலின் அடியில் பதிந்து நின்றது. அதே சாம்பலில் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகள்தான் வயதையும் சொல்கின்றன.

கூம்பு என்பது ஊகம். நல்ல ஊகம்தான், மறுக்கவில்லை. நின்றிருந்த கூம்பு சாய்ந்து நசுங்கினால் முக்கோணம் வரும். 2011இல் சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இது கடற்பஞ்சாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் வாதம் எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் கிடக்கும் மற்ற உயிர்களுக்குக் கிளைக்குள் கிளையாக உடல். நீரில் கரைந்த உணவை மேற்பரப்பாலேயே உறிஞ்ச அது உதவியிருக்கும். வழவழப்பான கூம்புக்கு அந்த வசதி இல்லை. அப்படியென்றால் கடற்பஞ்சைப்போல் நீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தானே தின்றிருக்க வேண்டும்? சரி, ஆனால் கடற்பஞ்சுக்கு உரிய நுண்முட்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே. நீங்கள் மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? சில காட்சிகளில் பாசிப் பச்சை பூசி வெயிலிலும் நிறுத்துகிறீர்கள். அந்தக் கடலடி வெளிச்சமே எட்டாத ஆழம்.

தடங்கள் இருக்கும் இடங்களில் ஒன்றின் பெயர் மிஸ்டேக்கன் பாயிண்ட். மூடுபனியில் மாலுமிகள் அதைப் பக்கத்திலுள்ள ரேஸ் முனை என்று நினைத்துக் கப்பலைத் திருப்பி, பாறையில் மோதியதால் வந்த பெயர். 1967இல் அங்குள்ள புதைபடிவங்களை முதலில் கண்டவர் இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருந்த சிவ பாலக் மிஸ்ரா. 2016இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக்கியது. நான் பார்த்த காட்சிக்கூடங்கள் எதிலும் மிஸ்ரா பெயர் இல்லை. புனலுக்கு மயிரிழை ஒட்ட நேரம் இருந்தவர்களுக்கு இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

கூம்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை இரண்டாவதாக வையுங்கள், நிறமில்லாமல், 'இப்படி இருந்திருக்கலாம்' என்ற குறிப்போடு. முதலில் பாறைத் தளத்தின் வார்ப்பு ஒன்றைத் தரையோடு தரையாகக் கிடத்துங்கள். அப்புறம் விளக்கு: மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், சாயங்கால வெயில் சாய்கிற கோணத்தில் தாழ வையுங்கள். ஓரத்து வரப்பின் நிழல் விழுந்ததும் முக்கோணம் தானாகத் தெரியும்.

இப்படிக்கு,
காட்சிக்கூடங்களில் பலகையை முழுசாகப் படிக்கும் ஒரு பார்வையாளர்