எலிசபெத் பண்ணை வீடு

ஆசிரியருக்கு,

சிட்னி பயணக் கட்டுரையில் பாலமும் ஓபரா மாளிகையும் வந்தன. சரி, சிட்னியின் மேற்குப் பகுதியான பரமட்டாவிலுள்ள எலிசபெத் பண்ணை வீட்டை விட்டுவிட்டீர்களே! ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் முன்னோடி ஜான் மக்கார்த்தர் 1793இல் கட்டிய செங்கல் வீடு. ஆஸ்திரேலியாவில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியர் வீடுகளில் மிகப் பழையது அதுதான். தாழ இறங்கும் கூரை, முன்னால் அகலமான தாழ்வாரம். பார்த்ததும் நம் ஊர்த் திண்ணை வீடு ஞாபகம் வந்தது. முதலில் சின்ன வீடுதான், 1820களில் பெரிதாக்கினார்கள். ஜான் 1809 முதல் 1817 வரை இங்கிலாந்தில் இருக்க, கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி எலிசபெத். நிலமோ புரமட்டகல் பழங்குடியினருடையது. அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. வீடு இப்போது அருங்காட்சியகம். நாற்காலியில் தாராளமாக உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

- ஒரு வாசகர், வென்ட்வொர்த்வில்