நீ சொன்னதுதான் சரி, போதுமா?

அன்புள்ள கூட்டாளி,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, கடன் கேட்கப்போகிறான் என்று பயந்துவிடாதே. ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகம் நல்லதா குப்பையா என்று சண்டை போட்டோமே, அதில் தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மணிக்கட்டு வலி அப்படியே இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

போன வாரம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கேமின் அந்த இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து ஆடினேன். 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’, மறு வருடமே வந்த ‘வாரியர் விதின்’. இரண்டாவதைக் குப்பை என்று சொல்லி உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேனே, அதேதான். இளவரசன் உர்ரென்று திரிவதும், சண்டைக்குச் சண்டை கிட்டார் கதறுவதும் இன்றைக்கும் எரிச்சல்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் முதல் பாகத்தில் தவறி விழுந்தால் என்ன செய்வோம்? ஒரு பட்டனை அழுத்திக் காலத்தைப் பின்னால் இழுப்போம். செத்தே போனாலும், ‘இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை’ என்று இளவரசனே கதையைத் திருத்திக்கொள்வான். என்ன சொகுசு! இரண்டாம் பாகம் அந்தச் சொகுசுக்குத்தான் வட்டி கேட்கிறது. காலத்தின் மணலைத் திறந்தவன் செத்திருக்க வேண்டும், தப்பிவிட்டான். அதனால் காலத்தைக் காவல் காக்கும் தஹாகா என்ற பூதம் அவனைத் துரத்துகிறது. திரையே நிறம் வெளுத்துப்போகும். தலைதெறிக்க ஓடி, தஹாகாவால் தாண்ட முடியாத தண்ணீருக்கு அந்தப்பக்கம் விழுந்தால்தான் உயிர். அன்றைக்கு எனக்கு இது உறைக்கவே இல்லை. பழைய ஆட்டத்தையே இன்னொரு தரம் கேட்டு அடம்பிடித்திருக்கிறேன்.

உடனே எல்லா இரண்டாம் பாகத்துக்கும் கொடி பிடிக்கக் கிளம்பாதே. ‘டிராகன் ஏஜ் 2’ என்ற கேமில் வரும் குகை ஞாபகம் இருக்கிறதா? அதே குகையில் இந்தக் கதவை அடைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டு, வேறு குகை என்றார்கள். முதல் பாகம் வந்து 16 மாதம்தான், அவசரம் என்பாய். ‘செல்டா’ கேம் வரிசையின் ‘மஜோராஸ் மாஸ்க்’கும், அதற்கு முந்தைய ‘ஒக்கரினா’ வந்த ஒன்றரை வருடத்துக்குள் அதன் பழைய கதாபாத்திர உருவங்களை வைத்தே செய்ததுதானே? மூன்று நாளில் நிலா விழப்போகிறது என்றதும் அதே முகங்கள் வேறு ஆட்களாகிவிடவில்லையா?

சரி, மணிக்கட்டு. தஹாகா துரத்தும் ஒரே இடத்தில் இருபது தடவை செத்தேன். வலி ஒருபக்கம், குதிக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்த பிறகுதான் விரலுக்குத் தெரிகிறது. சோடாபுட்டியிடம் சொல்லிவிடாதே, ஜென்மத்துக்கும் சிரிப்பான்.

பேசாத அந்த ஒரு மாதத்துக்கு மன்னிப்பு. என் ‘மஜோராஸ் மாஸ்க்’ இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பி வை, அதில் நான் சேமித்து வைத்த ஆட்டத்தை அழித்திருந்தால் மன்னிப்பு வாபஸ்.

உன்,
பழைய எதிரி