இளம் கேட்சரை எப்போது மேலே அழைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலில், கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் நன்றாக அடித்து ஆடும் இளம் கேட்சர்களை (மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து, பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்களை) உச்சநிலையான மேஜர் லீக் அணிகள் வீணாகக் காக்க வைக்கின்றன என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் சென்ற இதழில் படித்தேன். ஒப்பந்தக் கணக்குக்காக ஒருவரைக் கீழேயே நிறுத்தி வைப்பது தவறு என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழான டபுள் ஏ நிலையில் ஓர் இளைஞரின் மட்டை பேசத் தொடங்கிவிட்டால் மறுநாளே அவரை மேலே அழைத்துவிட வேண்டும் என்ற அவருடைய அளவுகோல், வெளிக்களத்தில் நிற்பவருக்குப் பொருந்தினாலும் பொருந்துமே தவிர, கேட்சருக்குப் பொருந்தாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மில் பலர் கேட்சரை விக்கெட் கீப்பருக்கு நிகராக எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்கா வந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விக்கெட் கீப்பர் வருகிற பந்தைப் பிடிப்பவர். கேட்சரோ எந்தப் பந்து, எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கேட்டு வாங்குபவர். 26 பேர் கொண்ட அணியில் பந்து வீசும் பிட்சர்கள் மட்டுமே 13 பேர் வரை இருக்கிறார்கள். அவர்களில் யாருக்குக் களைத்த பிறகு எந்தப் பந்து கைவிடும், யாரை அதட்ட வேண்டும், யாரிடம் தணிந்து பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மேரிலாந்தின் பூயி நகரில் ஒரு டபுள் ஏ ஆட்டத்தை மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். இளம் கேட்சர் ஒருவர் சுவரை எட்டும்படி ஒரு பந்தை விளாச, அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அடுத்த இன்னிங்ஸில் ஓட்டம் முடிக்கக் கடைசிப் படியான மூன்றாம் பேஸில் எதிரணி வீரர் நிற்க, கேட்சர் விரலால் காட்டிய குறியைப் பிட்சர் இருமுறை தலையசைத்து மறுத்தார். மூன்றாவது குறிக்கு ஒருவழியாக ஒப்புக்கொண்டு அவர் வீசிய ஸ்லைடர் என்னும் வளைந்து தாழும் பந்து மண்ணில் குத்தியபோது, முழங்காலிட்டு நெஞ்சால் தடுக்க வேண்டிய கேட்சர் கையுறையை மட்டும் நீட்டினார். பந்து பின்சுவருக்கு ஓடியது, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கிடைத்தது. ஸ்கோர் பலகையில் அவருடைய மட்டைச் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் பலித்தவற்றின் பங்கு) மட்டும் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

மைனர் லீக் எண்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதற்கு கேட்சர் மாட் வீட்டர்ஸைச் சொல்லலாம். 2008இல் மைனர் லீக்கின் இரு நிலைகளிலுமாகச் சேர்த்து 0.355 சராசரியும் 27 ஹோம் ரன்களும் எடுத்த அவர், 2009 மே 29 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு ஆட வந்தபோது, மீட்பரே வந்துவிட்டார் என்று இங்கே பேசினார்கள். நான்கு முறை ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார், இரண்டு முறை களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றார் என்றாலும், அந்த 0.355 காட்டிய மட்டையாளரை மேஜர் லீக் ஒருநாளும் பார்க்கவில்லை. இன்னொரு கேட்சர் மைக் ஜூனினோவின் கதை இன்னும் கசப்பானது. 2012இல் புதிய வீரர்களுக்கான டிராஃப்டில் மூன்றாவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்ட அவரைச் சியாட்டில் மரினர்ஸ் அணி ஏறத்தாழ ஓராண்டில் மேலே கொண்டுவந்தது. பந்து பிடிப்பதில் குறையில்லை. ஆனால் அத்தனை பிட்சர்களையும் கவனித்துக்கொண்டே தன் மட்டை வீச்சையும் திருத்திக்கொள்ள நேரம் ஏது? 2014இல் 22 ஹோம் ரன்கள் அடித்தும் சராசரி 0.199, அடுத்த ஆண்டு 0.174க்குச் சரிந்து, மைனர் லீக் அணியான டகோமாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இதற்கு மாறாகச் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி பஸ்டர் போசியை நடத்திய விதம் எனக்குப் பிடித்தமானது. கல்லூரியில் உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிவிட்டுக் கேட்சராக மாறியவர் என்பதால், 2010 தொடக்கத்தில் அவரை மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள் ஏ நிலையில் ஃபிரெஸ்னோவிலேயே வைத்திருந்தார்கள். மே இறுதியில் அழைத்தபோதும் முதலில் பெரும்பாலும் முதல் பேஸில்தான் நிறுத்தினார்கள். மூத்த கேட்சர் பெஞ்சி மொலினா டெக்சாஸ் அணிக்கு மாற்றப்பட்ட பிறகே அந்தப் பொறுப்பு முழுமையாக அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டே மேஜர் லீக் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றார்கள், அதுவும் மொலினா ஆடிய டெக்சாஸைத் தோற்கடித்து!

ஆனால் போசியை அழைத்த தேதியும் மே 29தான். மேஜர் லீக்கில் 172 நாட்கள் இருந்தால் ஓராண்டுப் பணிக்காலம்; ஆறாண்டு முடிந்தால் வீரர் தன் விருப்பப்படி அணி தேடலாம்; ஆகையால் சில வாரம் தாமதித்து அழைத்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் சேராது, அணிக்கு லாபம். இந்தக் கணக்கைப் 'பயிற்சி போதவில்லை' என்ற போர்வைக்குள் மறைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். இளம் கேட்சர் ஆட்லி ரட்ச்மன் 2022 மே 21 அன்று வரும்வரை ஓரியோல்ஸ் 16 வெற்றி, 24 தோல்வி. வந்த பிறகு 67 வெற்றி, 55 தோல்வி. ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குக் கையில் காயம் இருந்தது உண்மைதான். எனினும், புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரு இடங்களில் வருவோருக்கு முழு ஆண்டுப் பணிக்காலம் உண்டு என்ற புதிய விதியின்படி, இரண்டாம் இடம் பிடித்த அவருக்கு அந்த முழு ஆண்டும் கிடைத்துவிட்டது.

டெக்சாஸ் கேட்சர் இவான் ரோட்ரிகஸ் 19 வயதில், 1991இல் வந்து முதல் ஆட்டத்திலேயே, பேஸ் திருட (பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த பேஸைப் பிடிக்க) ஓடிய இருவரைப் பந்தெறிந்து வீழ்த்தினாரே என்று கேட்கலாம். அத்தகைய கை தலைமுறைக்கு ஒன்றுதான் வாய்க்கும்.

2026 முதல், பந்து உரிய எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடும் வழி வந்துவிட்டதால் இனிக் கேட்சரின் நுணுக்கம் தேவையில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஓர் அணிக்குக் கையிருப்பு இரண்டே முறையீடுகள். தவறாகக் கேட்டால் ஒன்று போய்விடும். அதைக் கேட்கும் உரிமை மட்டையாளர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவருக்கே உண்டு. பந்து எந்தப் பக்கமாக நழுவியது என்பதைப் பிளேட்டுக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பவர் கேட்சர்தான். டிரிபிள் ஏ ஆட்டங்களில் இந்த முறை ஏற்கெனவே நடப்பில் இருப்பதால், ஓர் இளம் கேட்சர் அங்கே எத்தனை முறையீடுகளை வென்றார், எத்தனையை வீணாக்கினார் என்பதையும் மட்டைச் சராசரிக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேரிலாந்து வாசகர் ஒருவர்