கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் ஃபோனில் நீ சொன்னது இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒருத்தி டேட்டாபேஸில் புலி, இன்னொருத்தன் செக்யூரிட்டியில் புலி. எனக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும்" என்றாய். குரல் கம்மியிருந்ததாக அம்மா சொல்கிறாள்.

எனக்கு உடனே 1983 கிரிக்கெட் உலகக் கோப்பைதான் ஞாபகம் வந்தது. சரி, சிரித்துக்கொள்.

அப்போது ஓர் இன்னிங்ஸுக்கு 60 ஓவர், ஒருவர் அதிகபட்சம் 12 ஓவர். ஆகக் குறைந்தது ஐந்து பேர் பந்து போட்டாக வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் பந்துவீச்சு மட்டுமே தெரியும் என்றால், கீப்பர் போக பேட்ஸ்மேனுக்கு ஐந்து இடம்தான். நம் டீமில் கபில், மொஹிந்தர், பின்னி, மதன்லால் நாலு பேரும் இரண்டும் செய்தார்கள். பந்து மட்டுமே தொழில் என்று இருந்தவர் சந்து ஒருவர்தான். 183 ரன்னை வைத்துக்கொண்டு தவித்த ஃபைனலில், வெஸ்ட் இண்டீஸின் துஜானும் மார்ஷலும் நங்கூரம் போட்டு நின்றார்களே, இருவரையும் எடுத்தது யார்? மூன்றாவதாக இறங்கி ஆடும் மொஹிந்தர். 7 ஓவர், 12 ரன், 3 விக்கெட். வேகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

ஆனால் ஜிம்பாப்வே ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். நமக்கு 17 ரன்னுக்கே 5 விக்கெட் போய்விட்டது. கபிலின் 175 எல்லோருக்கும் தெரியும். 140-க்கு 8 போன பிறகு கூட நின்றது கிர்மானி. அவர் அடித்தது 24, இருவரும் பிரியாமல் சேர்த்தது 126. கீப்பிங்குக்காகவே டீமில் இருந்த மனிதர். அந்த க்ளவுஸைக் கபில் மாட்டிக்கொண்டு நின்றிருக்க முடியுமா?

போன மாதம் உன் இரண்டு புலிகளும் முட்டிக்கொண்டபோது, அவன் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை அவனுக்கும் புரியவைத்தது நீதானே? அதை நீ ஒரு வேலையாகவே எண்ணவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், செக்யூரிட்டி விஷயம் வந்தால் நீயே கை வைக்காதே, அந்தப் பையனைக் கூப்பிடு. ஒருநாள் எங்கள் தெரு டீமில் கீப்பர் வரவில்லை, எல்லாம் தெரியும் என்று நான் நின்றேன். அன்றைக்கு எதிர் டீமில் அதிக ரன் எடுத்தது, நான் கோட்டைவிட்ட பந்துகளில் போன எக்ஸ்ட்ராதான்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அப்பா